இரண்டு எல் போட்ட ஊர்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை நான் ‘மேடம்’ என்று கூப்பிடுவேன். தெருவில் மற்றவர்கள் ‘தொரசாணி’ என்பார்கள். அறுபது வயதைத் தாண்டிய, கல்யாணம் செய்துகொள்ளாத ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ரயில்வே தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து இங்கே ரயில் எஞ்சின் ஓட்டியவர், எப்போதோ இறந்துபோனார். மேடத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. புத்தகம் கையில் இருப்பது தெரியும், எழுத்து தெரியாது. ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று யார் சொன்னாலும், இந்த ஊர் டாக்டர் கையில் கத்தியைக் கொடுக்க மாட்டேன் என்பார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்தவள். கட்டுமரத்தில் போன அப்பா திரும்பி வரவில்லை. அம்மா கூடையில் மீன் சுமந்து விற்று என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படிக்க வைத்தாள். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. சுதந்திரம் வந்த சமயத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. குப்பத்துப் பெண் என்று தெரிந்ததும் நாலு வீட்டில் இடம் இல்லை என்றார்கள். மேடம் மட்டும்தான் பின்பக்கத்து இரண்டு அறையைக் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்பது ஒன்றுதான் காரணம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு முன்அறைக்குப் போய் ஒரு மணி நேரம் அவருக்குப் புத்தகம் வாசிக்க வேண்டும். அதுதான் பேச்சு.

இரண்டே புத்தகங்கள். ஒன்று தலையணை கனத்துக்கு இருக்கும். வேல்ஸில் உள்ள ஒவ்வொரு கிறிஸ்தவப் பங்கையும் அகர வரிசையில் அடுக்கி, எங்கே இருக்கிறது, என்ன விளைகிறது, கோயில் எப்படி, சந்தை என்றைக்கு என்று எழுதி வைத்த பழைய புத்தகம். ‘பங்கு’ என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வார்த்தையையே இங்கே எழுதுகிறேன். ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த குடிகளையும் சேர்த்து அப்படிச் சொல்வார்கள். என் அம்மாவுக்குப் பங்கு என்றால் வலையில் விழுந்ததைப் பிரித்துக்கொள்வது ஒன்றுதான்.

மேடத்தின் அப்பா பிறந்த பங்கு அந்தப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. பேரு இரண்டு எல்லில் தொடங்கும். அதை நாம் நினைக்கிற மாதிரி சொல்லக் கூடாது. நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்து, பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். எங்கள் குப்பத்தில் வாழைப்பழத்தையே வாயப்பயம் என்போம். எனக்கு எங்கே அந்த இரண்டு எல் வரும்? ஊதினால் எச்சில் தெறித்தது. மேடம் கையில் பனையோலை விசிறி இருக்கும். அதன் காம்பால் என் முட்டியில் ஒன்று போடுவார்.

“மறுபடி சொல், கேர்ள்.”

சொல்லுவேன். மறுபடி காம்பு விழும். அவர் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார், தமிழில் எழுதுகிறேன். கோபம் தலைக்கேறினால் மட்டும் எங்கள் தெருப் பேச்சு அவர் வாயில் வரும், எங்களைவிடச் சரளமாக.

அந்த அரைப் பக்கம் எனக்கு மனப்பாடம். மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. மண் மெலிந்தது, ஓட்ஸ் தவிர எதுவும் சுகமாக விளையாது. ஈயச் சுரங்கம் உண்டு. விறகு இல்லாததால் சேற்று மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். கோயில் சின்னது, மிகப் பழையது. வாத நோயைத் தீர்க்கும் ஊற்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு இரண்டு சந்தை. இவ்வளவுதான். மேடம் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வெளியே துறைமுகத்து நிலக்கரித் தூள் ஜன்னல் கம்பியில் படிந்துகொண்டிருக்கும். அவர் அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர் மாதிரி தொண்டையை அசைப்பார். ஒரு நாள்கூட அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

இரண்டாவது புத்தகம், அந்த நாட்டில் கால்நடையாகச் சுற்றிய ஓர் இங்கிலீஷ்காரர் எழுதியது. மேடத்தின் பங்குக்கும் அவர் போயிருக்கிறார். ஒரு பக்கத்தின் கடைசி வரியில் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைகிறார். அதற்கு அடுத்த இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் வாசிக்க முடிந்த பக்கத்தில் அவர் வேறொரு மலைமேல் நிற்கிறார்.

“மழைக்காலத்து ஈரம். பிரித்தால் கிழிந்துவிடும், தொடாதே,” என்பார் மேடம். “கோயிலைப் பற்றி அதில்தான் எழுதியிருப்பார். எங்கள் வீட்டைப் பற்றியும் இருக்கும்.”

சில நாள் அடுத்த தெருவிலிருந்து ஒரு ரயில்வே கார்டின் மனைவி வருவாள். அவளும் ஆங்கிலோ இந்தியப் பெண்தான், ஆனால் நிறம் என்னைப் போல. மேடம் அவளுக்கு டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டு என்னிடம் பெரிய புத்தகத்தை எடுக்கச் சொல்லுவார்.

“இவளுடைய தாத்தா எந்த ஊர் என்று தேடு.”

கார்டின் மனைவி ஏதோ ஒரு பேரைத் தயக்கத்தோடு சொல்லுவாள். நான் தேடுவேன். இருக்காது.

“இல்லையா?” என்று மேடம் சிரிப்பார். “புத்தகத்தில் இல்லாத ஊரிலிருந்து யாரும் வர முடியாதே, டியர்.”

ஒவ்வொரு முறையும் இதே விளையாட்டு. கார்டின் மனைவியும் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பாள். ஏன் மறுபடி மறுபடி வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் போக வேறு முன்அறை இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த வருஷம் ராயபுரத்திலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பல் ஏறின. பியானோக்களையும் கட்டில்களையும் கைவண்டியில் ஏற்றி விற்றுக்கொண்டு போனார்கள். மேடமும் ‘ஊருக்கு’ப் போவதென்று முடிவு செய்தார். அப்பா பிறந்த பங்கின் குருவுக்கு, அதாவது கோயில் பாதிரியாருக்கு, அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன். இன்னாருடைய மகள் நான், எங்கள் வீடு எந்த நிலையில் இருக்கிறது, உறவினர் யார் இருக்கிறார்கள், நான் வந்து தங்கினால் சௌகரியப்படுமா என்று. மூன்று முறை திருப்பி எழுதவைத்தார். தபால்பெட்டி வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரே நடந்து வந்தார்.

பதிலுக்குக் காத்திருந்த சித்திரை மாதத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது.

அம்மா எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வருவாள். முன்வாசலில் கால் வைக்கக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. அன்றைக்கு மத்தியானம் வண்ணாரப்பேட்டை வரைக்கும் சுற்றிவிட்டு வெறுங்கூடையோடு வந்தவளுக்குத் தெருவிலேயே தலை சுற்றியிருக்கிறது. பின்பக்கம் வரத் தெம்பில்லை. முன்பக்கத்து மூன்று படிகளில் கீழ்ப்படியில் உட்கார்ந்து தூணில் சாய்ந்துவிட்டாள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேடத்தின் குரல் கேட்டது.

“இன்னா நாத்தம் அது? யாருடி அங்க?”

அம்மாவின் குரல் மெல்ல வந்தது. “நான்தாம்மா. ஒரு செம்பு தண்ணி குடு. எய்ந்து பூடறேன்.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் மேடம் படிக்கு மேலே நின்றார். கையில் பினாயில் கலந்த பக்கெட். தினமும் வராந்தா கழுவ வைத்திருப்பது. முகம் தெரியாது அவருக்கு. மூக்கைத் தூக்கி, வாசனை எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிறகு அந்தப் பக்கமாகப் பக்கெட்டைக் கவிழ்த்தார்.

அம்மாவின் தலையில், முகத்தில், மடியில் விழுந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தவளின் வாயிலும் போனது. அம்மா கத்தவில்லை. கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே சரிந்தாள். மேடம் காலி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு இங்கிலீஷுக்கு மாறினார்.

“கேர்ள், படியை நன்றாகத் தேய்த்துவிடு. நாலு மணிக்கு ஆள் வருகிறது.”

அம்மாவைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கண்ணில் தண்ணீர் அடித்தேன். மூன்று வாரம் அவள் வலது கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. மூன்று வாரமும் வியாபாரம் இல்லை. என் வீட்டுக்காரரிடம் வேறு வீடு பார்க்கச் சொன்னேன். “எங்க பார்க்கறது? குப்பத்துக்கா திரும்பிப் போறது?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. படியை நான்தான் தேய்த்தேன். நாலு மணிக்கு நான்தான் வாசித்தேன். அன்றைக்கு இரண்டு எல் சரியாக வந்தது என்று மேடம் பாராட்டினார்.

மறுநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது பயணப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஒட்டியிருந்த அந்தத் தாள்களைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும் என்றுதான் எடுத்தேன். கிழிப்பதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் காட்டினேன். ஓரம் பிரிந்தது. ஈரத்தில் ஒட்டியதல்ல அது. நாலு ஓரத்திலும் யாரோ பொறுமையாகக் கஞ்சிப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். மேடத்தின் அப்பாவைத் தவிர வேறு யார் செய்திருக்க முடியும்?

உள்ளே இருந்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த இங்கிலீஷ்காரர் மழையில் தொப்பலாக நனைந்து அந்த ஊருக்குள் போகிறார். ஒரு வீட்டில் பால் கேட்கிறார். உள்ளே மண் புகை, பன்றியும் குழந்தைகளும் ஒரே தரையில். பெண்கள் குள்ளமாக, கறுத்த முடியோடு, செருப்பில்லாமல், முதுகில் சுமையோடு அலைகிறார்கள். வாசலிலேயே நாற்றம் ஆளைத் தள்ளுகிறது. இங்கிலீஷில் கேட்டால் தெரியாது என்று தலையை ஆட்டுகிறார்கள். தெரிந்தே நடிக்கிறார்கள் என்பது அவருடைய தீர்மானம். பால் கொடுத்த பெண்ணின் கிண்ணத்தை வாயில் வைப்பதற்கு முன்னால் கைக்குட்டையால் மூன்று முறை துடைக்கிறார், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. இதை ஊர் என்று சொல்ல அந்தப் பெரிய புத்தகம் எழுதியவனால்தான் முடியும் என்று கேலி செய்துவிட்டு மலை ஏறிப் போய்விடுகிறார்.

வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்ப வாசித்தேன். கிண்ணத்தைத் துடைக்கிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. செருப்பில்லாமல் நின்ற அந்தப் பெண்மேல் எனக்கு இரக்கம் வந்தது. மேடம்மேல் வரவில்லை. அவர் யாருடைய பேத்தி என்பது இப்போது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அது ஒரு ருசியாக இருந்தது. சோற்றுக் கஞ்சியைத் தொட்டு, தாள்களைப் பழையபடி ஒட்டி, புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். நாலு மணி ஆகவில்லை. ஆனாலும் மேடம் என்னை உட்காரச் சொன்னார்.

நான் முதலில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். குரு மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கடிதத்துக்கு நன்றி. ஈயச் சுரங்கம் எப்போதோ மூடிவிட்டது. அந்தக் குடும்பத்தின் வீடு கூரை விழுந்து சுவர் மட்டும் நிற்கிறது, ஆடுகள் ஒதுங்குகின்றன. அந்தப் பேருள்ளவர்கள் கல்லறைத் தோட்டத்தில் தவிர யாரும் இல்லை. இங்கே பெரும்பாலும் இங்கிலீஷ் அல்ல, எங்கள் சொந்த பாஷைதான் பேசுகிறார்கள். பார்வை மங்கிய, வயதான ஒரு பெண்மணி தனியாக இங்கே வருவதை நான் எந்த விதத்திலும் ஆதரிக்க முடியாது. தயவுசெய்து அங்கேயே இருங்கள். இவ்வளவுதான்.

“வாசி, கேர்ள்.”

கடிதத்துக்கு நன்றி என்ற முதல் வரியை உள்ளபடி வாசித்தேன். அடுத்த வரிக்கு வந்தபோது என் வாய் வேறு பக்கம் திரும்பியது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. உங்கள் வீடு அப்படியே இருக்கிறது, புகைபோக்கியில் இன்னும் புகை வருகிறது என்று வாசித்தேன். உங்கள் அப்பாவின் சித்தப்பா மகள் ஒருத்தி அங்கே இருக்கிறாள், உங்கள் அப்பா சின்ன வயதில் கோயிலில் பாடியதை இன்னும் சொல்லுவாள் என்று வாசித்தேன். ஊற்றுத் தண்ணீர் கண்ணுக்கும் நல்லது என்று சேர்த்தேன். நீங்கள் வரும் நாளைத் தெரிவித்தால் கோயில் மணி அடிக்கச் சொல்கிறேன் என்று முடித்தேன். இதற்கெல்லாம் எனக்கு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷமாக அவரே எனக்கு ஊட்டிய வார்த்தைகள்தான்.

மேடம் அழுதார். காற்றில் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர் என்னைத் தொட்டது, விசிறிக் காம்பையும் தோளையும் விட்டால், அது ஒரு தடவைதான்.

“இன்றைக்கு மிக நன்றாக வாசித்தாய்,” என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையை விடுவித்துக்கொண்டு, கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைக்கிறேன் என்று சொல்லி எழுந்தேன். மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் வழவழப்பான தாள் வாங்கி வந்து, நான் வாசித்ததை எல்லாம் சாய்வெழுத்தில் எழுதினேன். வேறு யாராவது வாசிக்க நேர்ந்தால் என்று, அதைக் குரு அனுப்பிய உறையிலேயே போட்டேன். குருவின் கடிதம் அடுப்பில் போனது.

ஞாயிற்றுக்கிழமை மேடம் கார்டின் மனைவியை வரச் சொல்லியிருந்தார். கேக் வாங்கி வைத்திருந்தார். கடிதத்தை எடுக்கச் சொல்லி, என்னிடம் தராமல், கார்டின் மனைவியிடம் கொடுத்தார்.

“நீ வாசி, டியர். சத்தமாக. எங்கள் ஊர்க் கடிதத்தை உன் வாயால் கேட்க வேண்டும்.”

அவள் உறையைப் பார்த்தாள். தாளை எடுத்தாள். விரலால் தடவினாள். அந்தத் தாள் தங்கசாலைத் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தத் தெரியாமல் போய்விட்டது என்பதுதான் உண்மை.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். தேன் ஒழுகுகிற குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். கோயில் மணி வரைக்கும் வந்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்தாள்: பங்கில் உள்ள எல்லோரும் பாலம் வரைக்கும் வந்து உங்களை எதிர்கொள்வார்கள்.

“இதை அன்றைக்கு நீ வாசிக்கவில்லையே,” என்றார் மேடம் என் பக்கம் திரும்பி.

“தவறிவிட்டது, மேடம்,” என்றேன்.

“கண் தெரிந்தும் குருடு,” என்றார் மேடம், சந்தோஷமாக.

கேட்டில் கார்டின் மனைவியை வழியனுப்பப் போனேன். அவள் தாழ்ந்த குரலில், எங்கள் பேச்சிலேயே சொன்னாள்.

“பேப்பரு நம்மூரு பேப்பரா கீது.”

நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

“போவட்டும்,” என்றாள். தன் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் காரியங்கள் வேகமாக நடந்தன. வீட்டை ஒரு மர வியாபாரி வாங்கிக்கொண்டார். எங்களைப் பின்அறைகளிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். மேடம் பெரிய மரப்பெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சாமான்களைக் கொடுத்துவிட்டார். மணி அடிக்கச் சொல்லி, தான் வரும் நாளைத் தெரிவித்துக் குருவுக்கு ஒரு கடிதம் எழுதவைத்தார். அதைத் தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டேன். போடவில்லை.

கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குப்பத்தில் அவள் குடிசை வாசலில் உட்கார்ந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் இதைச் செய்தேன் என்று எனக்கு நினைப்பு. வாய்விட்டுச் சிரிப்பாள், நெட்டி முறிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தினாள்.

“அதுக்குக் கண்ணு தெர்யாதேடி.”

“உனக்கு மட்டும் கண்ணு நல்லா தெரிஞ்சுதா அந்த மூணு வாரம்?”

“கண்ணு தெர்யாத பொம்பளய கடல்ல வுடறியே,” என்றாள். “எங்க போயி நிக்கும் அது?”

“எங்கயோ நிக்கட்டும்.”

“இன்னும் நாலு நா கீது. போய் சொல்லிடு.”

“உன் தலைல ஊத்துனவம்மா அவ.”

“என் தலைலதான ஊத்துச்சு? நான் கேட்டுக்குறேன். நீ யாரு?” என்றாள் அம்மா. கருவாட்டை மறுபடி புரட்டிக்கொண்டே, “படிக்க வெச்சது இதுக்கா?” என்றாள். அன்றைக்கு நான் கொண்டுபோன சோற்றை அவள் தொடவில்லை.

நான் சொல்லவில்லை. நாலு நாளும் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். நாலு நாளும் அந்த அரைப் பக்கத்தை வாசித்தேன். ஒவ்வொரு நாளும் சொல்ல ஓர் இடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டி வாசித்தேன்.

கப்பல் ஏற்ற என் வீட்டுக்காரர்தான் துறைமுகத்துக்குள் போக அனுமதி வாங்கித் தந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. புறப்படுகிற அன்று வெயிலில் தார் உருகியது. மேடம் கம்பளிக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றார். கோட்டிலிருந்து அந்துருண்டை வாசனை வந்தது. கப்பல் படிக்கட்டில் அவரை ஏற்றிவிட ஒரு மாலுமி கையைப் பிடித்தான்.

“கேர்ள், நீ அழுகிறாயா?” என்று கேட்டார்.

“இல்லை, மேடம்.”

“உங்கள் ஆட்களுக்கு நன்றி என்பது கிடையாது,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு மகள் பிறந்திருந்தாள். மர வியாபாரியின் ஆள் ஒரு நாள் வெளிநாட்டு உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். முதியோர் விடுதி ஒன்றிலிருந்து மேடம் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. கடைசி ரயில் நிலையத்திலிருந்து ஒரு பால் வண்டிக்காரர் மழையில் அவரைக் கொண்டுபோய்ப் பாலத்தடியில் இறக்கியிருக்கிறார். யாரும் இல்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவரை இருட்டுவதற்கு முன்னால் குருவின் மனைவிதான் தற்செயலாகப் பார்த்துக் கூட்டிப் போயிருக்கிறாள். வர வேண்டாம் என்றுதான் எழுதினேன் என்று குரு அவரிடம் சொல்லிவிட்டார், மற்ற வரிகள் ஞாபகம் இல்லை என்றாராம். வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாராம். ஊர்க்காரர்கள் பேசுவது ஒன்றும் புரியவில்லையாம். கடையில் அவரைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு வார்த்தை சொல்லுவார்களாம். அதற்குக் கறுப்பி என்று அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டாராம். இரண்டாவது குளிர்காலத்தில் விடுதியில் சேர்த்துவிட்டார்கள்.

என்மேல் ஒரு குற்றமும் அதில் இல்லை. சாபம் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நீ வாசித்ததில் எந்த வரி குரு எழுதியது, எந்த வரி நீ சேர்த்தது? அப்பா கோயிலில் பாடினார் என்பது யார் சொன்னது? அதை மட்டும் எழுதினால் போதும்.

மகளை மடியில் போட்டுக்கொண்டு அதைப் பல தடவை வாசித்தேன். ‘நன்றி என்ற முதல் வரி மட்டும்தான் அவருடையது’ என்று எழுத வேண்டும். அல்லது, பாடினார் என்பதைக் குருதான் எழுதினார் என்று இன்னொரு பொய்யாவது சொல்ல வேண்டும். உண்மையை எழுதத் தைரியம் இல்லை. பொய்யை எழுதி அவரைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்த மனசு இல்லை. பினாயில் நெடி அப்போதும் என் மூக்கில் இருந்தது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பதில் போடவில்லை.

அடுத்த கடிதம் விடுதியிலிருந்தே வந்தது, அச்சடித்த படிவத்தோடு. மேடம் இறந்துவிட்டார். தெரிந்தவர் என்று என் விலாசத்தை மட்டும்தான் கொடுத்திருக்கிறார். அடக்கப் பதிவேட்டுக்காகச் சில விவரம் வேண்டும்: பிறந்த இடம், அப்பா பேரு, அம்மா பேரு. முதல் இரண்டையும் நிரப்பினேன். மூன்றாவது எனக்குத் தெரியாது. அவர் தன் அம்மாவைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

கார்டின் மனைவியிடம் போனேன். அவள் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஆட்டுக்கல்லிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

“அவங்கம்மா எண்ணூர் உப்பளத்துல உப்பு வாரினவ. எங்கம்மா பாத்திருக்கா. எஞ்சின் டிரைவரு வூட்டுக்குப் பாத்திரம் கழுவ வந்தா, அப்புடியே தங்கிட்டா. இது சின்னதா இருக்கும்போதே செத்துப்போச்சு.”

“பேரு?”

“பேரு யாருக்குத் தெரியும்? உப்பு வார்றவள பேரு கேட்டா கூப்பிடுவாங்க?”

நான் யாரையாவது எண்ணூருக்கு அனுப்பி விசாரித்திருக்கலாம். வயதானவர்கள் இருந்திருப்பார்கள், யாருக்காவது ஞாபகம் இருந்திருக்கும். என் அம்மா அங்கே மீன் விற்றுப் பழக்கப்பட்டவள். சொன்னால் அவளே நடந்து போய்க் கேட்டு வந்திருப்பாள். அவளிடம் நான் சொல்லவே இல்லை. படிவத்தில் அம்மா பேருக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மகளுக்குப் பால் வாங்கப் போகிற வழியில் அதைத் தபாலில் சேர்த்தேன்.